பாங்காக்கில் எதில் ஏறுவது: மீட்டர் டாக்சியா, ஆப் டாக்சியா, டுக் டுக்கா, ரயிலா?

பாங்காக் போய் வந்தவர்களிடம் வண்டி பற்றிக் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "டாக்சிக்காரன் ஏமாத்திடுவான், கிராப் மட்டும் போடு" என்று ஒரு கட்சி (கிராப் என்பது போனில் வண்டி புக் பண்ணும் ஆப்). "கிராப் விலை ஜாஸ்தி, மீட்டர் போடச் சொல்லு, முடிஞ்சது" என்று இன்னொரு கட்சி. இரண்டையும் கேட்டுவிட்டு, டிக்கெட்டும் போட்டுவிட்டு, எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வண்டி என்பதை விட, விலையைச் சொல்வது யார் என்பதுதான் முக்கியம். மீட்டர் சொல்லலாம், போன் திரை சொல்லலாம், ஸ்டாண்டில் தொங்கும் பலகை சொல்லலாம், இல்லையென்றால் உங்கள் பெட்டியையும் முகத்தையும் பார்த்து ஓட்டுநர் சொல்லலாம். இந்தக் கடைசி வகையில்தான் காசு போகிறது. ஒரே டாக்சி விமான நிலைய வரிசையில் நியாயமாகவும், அரண்மனை வாசலில் மூன்று மடங்காகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடுவது

விலை என்றதும் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அது போதாது. நான் பார்ப்பது இவை:

- ஏறுவதற்கு முன்பே விலையோ, விலைக் கணக்கோ தெரியுமா? அதைத் தீர்மானிப்பது யார்?
- அந்த விலைக்கு மேல் என்னவெல்லாம் சேரும்? டோல், விமான நிலையக் கட்டணம், புக்கிங் கட்டணம், நம் ஊர் கார்டுக்கு வங்கி போடும் மார்க்கப்.
- எத்தனை பேர், எத்தனை பெட்டி?
- எந்த நேரம்? பாங்காக்கில் காலை பத்து மணிக்கு ஒரு ஊர், மாலை ஆறு மணிக்கு வேறு ஊர்.
- தகராறு வந்தால் கையில் என்ன ஆதாரம் இருக்கும்?

ஒரு பாட் நம் காசுக்கு ஏறத்தாழ இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய். அதனால் 200 பாட் அதிகமாகக் கொடுத்தால் ஐநூறு ரூபாய்க்கு மேல் போகிறது. தினம் இரண்டு தடவை இப்படிக் கொடுத்தால் நாலு நாளில் ஒரு நாள் ஹோட்டல் வாடகை போய்விடும். குடும்பத்தோடு கணக்குப் பார்த்துச் சேர்த்த காசில் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

## மீட்டர் டாக்சி

சரியாகப் பிடித்தால் இரண்டு மூன்று பேருக்கு இதை விட நல்ல வழி பெரும்பாலும் கிடையாது. சரியாகப் பிடிப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நம் ஊர்க்காரர்கள் அதிகம் தங்கும் பிரதுனாம் வரை சுமார் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜனவரியில் மாற்றிய கட்டணப்படி சின்ன டாக்சிக்கு முதல் கிலோமீட்டர் 35 பாட், அதற்கு மேல் 10 கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 6.50, அடுத்து 20 வரை 7, அதையும் தாண்டினால் 8. கூட்டினால் 245 பாட்டுக்குள் வருகிறது. நெரிசலில் வண்டி ஊர்ந்தால் நிமிடத்துக்கு 3 பாட் ஏறும், இருபது நிமிடம் மாட்டினால் 60. விமான நிலைய வரிசையில் ஏறியதற்கு 50. விரைவுச்சாலையில் போனால் டோல் இரண்டு இடத்தில், 25-ம் 50-ம். எல்லாம் சேர்த்து 430 பாட் அருகில் நிற்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இறங்கினால், வெளியே ஒருவர் "எண்ணூறு பாட், டோல் தனி" என்று சொல்லும்போது அது எவ்வளவு அதிகம் என்று உடனே தெரிந்துவிடும்.

சுவர்ணபூமியில் வருகைப் பகுதி இரண்டாம் தளத்தில். அங்கேயே "டாக்சி, டாக்சி" என்று பக்கத்தில் வந்து பேசுகிறவர்கள் யாரோடும் போக வேண்டாம். லிமோசின் கவுண்டர்களும் அங்கேதான் இருக்கின்றன. அவர்கள் மோசடிக்காரர்கள் இல்லை, விலைதான் அதிகம். பொது டாக்சி வரிசை ஒரு தளம் கீழே, முதல் தளத்தில். அங்கே இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதில் வண்டி நிற்கும் தட எண், வண்டி எண், ஓட்டுநர் விவரம் எல்லாம் இருக்கும். அந்தத் தடத்துக்குப் போனால் உங்கள் டாக்சி நிற்கும். சீட்டை ஓட்டுநர் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம், அதனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அது உங்கள் ஆதாரம்.

உட்கார்ந்ததும் மீட்டரைப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் 35 என்று தொடங்க வேண்டும், பெரிய வண்டி என்றால் 40. வண்டி நகர்ந்தும் மீட்டர் இருட்டாகவே இருந்தால், விமான நிலைய எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே "மீட்டர்" என்று சிரித்த முகத்தோடு கையைக் காட்டிச் சொல்லுங்கள். "ஃபிளாட் பிரைஸ், சேம் சேம்" என்று பதில் வந்தால், நிறுத்தச் சொல்லி இறங்கி வேறு சீட்டு எடுப்பதில் கூச்சமே வேண்டாம். விரைவுச்சாலையில் ஏறிய பிறகு பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது. டோலுக்கு மொத்தமாக 200 கொடுங்கள் என்று முன்கூட்டியே கேட்டால் கொடுக்காதீர்கள். சாவடி வரும்போது அங்கே திரையில் காட்டும் தொகையை மட்டும் சில்லறையாகக் கொடுத்தால் போதும்.

மறைமுகச் செலவும் இதில் உண்டு. பல டாக்சிகளில் டிக்கிக்குள் எரிவாயு சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், இரண்டு பெரிய சூட்கேஸுக்கு மேல் ஏறாது. நாலு பேர், நாலு பெட்டி என்று வந்தால் ஒரு சின்ன டாக்சி போதாது, இரண்டு எடுக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் பெரிய வண்டிக்கான இயந்திரத்தில் சீட்டு எடுக்க வேண்டும். இன்னொன்று சில்லறை. ஏடிஎம்மில் வரும் 1000 பாட் நோட்டை நீட்டினால் "நோ சேஞ்ச்" என்ற பதில் வரத்தான் செய்யும், பாதி நேரம் அது உண்மையும்கூட. விமான நிலையத்திலேயே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி நோட்டை மாற்றிவிடுங்கள்.

சிலர் டாக்சிக்காரர்களைத் திருடர்கள் என்றே பேசுகிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. பாங்காக் டாக்சியில் மீட்டர் வந்தது 1992-ல். அப்போதே முதல் கட்டணம் 35 பாட், இன்றைக்கும் சின்ன வண்டிக்கு அதே 35. முப்பது வருடத்தில் டீசல், அரிசி, வாடகை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பலர் வண்டியை ஷிப்ட் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள், வாடகையும் எரிவாயுவும் போக மிஞ்சினால்தான் அன்றைய வரும்படி. அதனால்தான் மாலையில் சுக்கும்வித் சாலைப் பக்கம் நெரிசலுக்குள் மீட்டர் போட்டு வர மறுக்கிறார்கள். சட்டப்படி மறுக்கக் கூடாது, ஆனால் காரணம் புரிகிறது. பின்மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில், வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர் உங்கள் திசைக்கு வரமாட்டார், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அடுத்த வண்டிக்குக் கை காட்டுங்கள், அவ்வளவுதான்.

தெருவில் பிடிக்கும்போது ஒரு விதி பெரும்பாலும் கைகொடுக்கும்: ஓடிக்கொண்டிருக்கும் டாக்சியைக் கை காட்டி நிறுத்துங்கள், நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் டாக்சியில் ஏறாதீர்கள். அரண்மனை, பெரிய மால், இரவுச் சந்தை வாசலில் நிற்கிற வண்டி வெளியூர்க்காரருக்காகத்தான் நிற்கிறது. இருநூறு முந்நூறு மீட்டர் நடந்து முக்கியச் சாலைக்கு வந்து, முன்கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிகிற வண்டியை நிறுத்தினால், அதாவது காலியாக வருகிற வண்டியை, மீட்டர் பெரும்பாலும் தானாகவே விழும்.

## ஆப் டாக்சி

கிராப், போல்ட் இரண்டும்தான் பாங்காக்கில் அதிகம் கண்ணில் படும். உபெர் 2018-லேயே தென்கிழக்கு ஆசியாவில் கிராப்போடு இணைந்துவிட்டது, அதனால் நம் ஊர் உபெரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஆப்பின் பெரிய பலம் விலை முன்பே தெரிவது மட்டும் இல்லை. போகும் இடம் தாய் எழுத்தில் ஓட்டுநருக்குப் போய்விடுகிறது, அதனால் ஹோட்டல் பெயரை நாலு விதமாக உச்சரித்துக் காட்ட வேண்டாம். ஓட்டுநர் பெயர், வண்டி எண், போன பாதை எல்லாம் பதிவாகிறது. தனியாகப் போகிற பெண்களுக்கு, ராத்திரி பதினொன்றுக்கு மேல், இந்தப் பதிவுக்காகவே ஐம்பது நூறு பாட் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சாதாரண நேரத்தில் திரையில் வரும் விலை மீட்டரை விடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் அல்லது மாலை ஐந்து முதல் ஏழு வரை, ஒன்றரை இரண்டு மடங்காகும். அப்போதும் அது உங்களுக்குத் தெரிந்தே கொடுக்கிற விலை, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். அரை மணி நேரம் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் பல நேரம் இறங்கியிருக்கும்.

இப்போது மறைமுகச் செலவுகள். ஆப் காட்டும் விலையில் டோல் பெரும்பாலும் சேராது, அது தனி, புக் பண்ணும் திரையிலேயே சின்ன எழுத்தில் இருக்கும், படித்துக்கொள்ளுங்கள். கார்டை இணைத்திருந்தால் நம் வங்கி ஒவ்வொரு பயணத்துக்கும் வெளிநாட்டு மார்க்கப் என்று இரண்டிலிருந்து மூன்றரை சதவீதம் வரை போடும், அதன் மேல் ஜிஎஸ்டி. மார்க்கப் இல்லாத கார்டு இருந்தால் அதை இணையுங்கள், இல்லையென்றால் ரொக்கம் என்று தேர்ந்தெடுக்கலாம், கிராப்பில் அந்த வசதி உண்டு. ரொக்கத்துக்கு ஏடிஎம் போகலாம் என்று நினைத்தால், தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் இருநூறு பாட்டுக்கு மேல் தனியாகப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள்.

விலை மிகக் குறைவாகக் காட்டுகிற ஆப்களில் இன்னொரு தொல்லை. புக் ஆனதும் ஓட்டுநர் சாட்டில் வந்து "இன்னும் 80 பாட் தருவீர்களா" என்று கேட்பார், அல்லது வராமலே நின்றுகொண்டு நீங்களே ரத்து செய்யட்டும் என்று காத்திருப்பார். ரத்து செய்வதானால் "ஓட்டுநர் கேட்டுக்கொண்டார்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள், கட்டணம் உங்கள் தலையில் விழாமல் இருக்கும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆப்பை இங்கேயே நிறுவி, நம் நம்பரில் வரும் ஓடிபியை இங்கேயே போட்டு, கார்டையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் திறந்துவிடுங்கள். பாங்காக்கில் இறங்கி, உள்ளூர் சிம்மைப் போட்டுவிட்டு, பழைய சிம் பர்ஸுக்குள் இருக்கும்போது ஓடிபி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

## ரயில்

பேரமே இல்லாத ஒரே வழி இதுதான். சுவர்ணபூமியின் அடித்தளத்திலிருந்து ஏர்போர்ட் ரயில் லிங்க் பாயா தாய் வரை போகிறது, எட்டு நிலையம், அரை மணிக்குள் போய்விடும், முழுத் தூரத்துக்கும் 45 பாட். சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பி விடியற்காலையில் இறங்குகிறவர்களுக்கு, முதல் ரயில் ஐந்தரை மணி வாக்கில் என்பதால், இமிகிரேஷன் முடித்து வெளியே வரும்போது சரியாக இருக்கும். ராத்திரி பன்னிரண்டோடு முடிந்துவிடும். மக்காசானில் இறங்கினால் எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயில், பாயா தாயில் பிடிஎஸ் என்கிற மேம்பால ரயில். இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கில் இறங்குகிறவர்களுக்குச் சிவப்புத் தட ரயில் இருக்கிறது, பிடிஎஸ் மோ சிட் நிலையம் வரை ஏ1 பேருந்தும் இருக்கிறது.

ஆனால் தலைக்கு 45 என்பதை மறக்கக் கூடாது. ஒருவர் என்றால் 45-ம், பாயா தாயிலிருந்து இன்னொரு டிக்கெட்டும், மொத்தம் பெரும்பாலும் நூறுக்குள். இதை எந்த டாக்சியும் அடிக்க முடியாது. நாலு பேர், இரண்டு பெட்டி என்றால் 180 பாட், அப்புறம் பாயா தாயிலிருந்து பிரதுனாம் ஹோட்டலுக்குப் பெட்டியோடு நடக்க முடியாது, அங்கே ஒரு டாக்சி, எழுபது எண்பது பாட். மொத்தம் 260 பக்கம் வந்துவிட்டது. ஹோட்டல் வாசலிலேயே இறக்கிவிடும் மீட்டர் டாக்சி 430. மிச்சமாகும் 170 பாட்டுக்காக, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைகளையும் பெட்டிகளையும் படியேற்றி இறக்க வேண்டுமா என்று யோசியுங்கள். நான் என்றால் டாக்சி என்பேன். மாலை ஐந்தரைக்கு இறங்கினால் மட்டும் கணக்கு மாறும், அப்போது சாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதை விட ரயில்தான் மேல்.

நகருக்குள் பிடிஎஸ் தனி, எம்ஆர்டி தனி, டிக்கெட்டும் தனித்தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கட்டணம் திரும்ப முதலிலிருந்து தொடங்கும், இதுதான் ரயிலின் மறைமுகச் செலவு. எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு கான்டாக்ட்லெஸ் கார்டை வாசலில் தட்டினால் கதவு திறக்கும், வரிசையில் நிற்க வேண்டாம்.

சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. "வாட் கேக்" என்றால் எந்த டாக்சிக்காரருக்கும் தெரியும். ஆனாலும் மாலையில் அந்தச் சாலை அசையாது, பிடிஎஸ் சுரசாக் நிலையத்தில் இறங்கி நடப்பதுதான் வேகம். விஜயதசமி இரவு ஊர்வலத்துக்காகச் சாலையையே மூடிவிடுவார்கள், அன்றைக்கு ரயிலைத் தவிர வேறு எதையும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

## டுக் டுக்

நம் ஆட்டோவின் உறவுக்கார வண்டி, அதனால் நமக்குப் பேரம் வரும் என்று தைரியமாக இறங்குகிறோம். மீட்டர் இல்லை, பலகை இல்லை, முழுக்க வாய்ப்பேச்சு. குளிர்பதனம் உள்ள மீட்டர் டாக்சியில் 70 பாட் ஆகும் தூரத்துக்கு இதில் 200 கேட்பார்கள், பேசி 120-க்குக் கொண்டுவந்தாலும் டாக்சியை விட அதிகம்தான். டுக் டுக் மலிவு என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ராத்திரி காற்று வாங்கிக்கொண்டு சைனாடவுனில் யாவரத் சாலை விளக்குகளைப் பார்த்துப் போக வேண்டும் என்றால் ஏறுங்கள், அந்த அனுபவத்துக்கு அந்தக் காசு தகும். ஏறும் முன் தொகையைப் போனில் தட்டிக் காட்டி, ஆளுக்கா மொத்தத்துக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

உண்மையான ஆபத்து அதிக விலையில் இல்லை, மிகக் குறைந்த விலையில் இருக்கிறது. இது பல வருடமாக நடக்கிறது, இன்னும் ஆட்கள் விழுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கிராண்ட் பேலஸ் அரண்மனைப் பக்கம் நடந்து போகும்போது சட்டையை டக் இன் பண்ணிய, மரியாதையான ஒருவர் வந்து எந்த ஊர் என்று கேட்பார். "அரண்மனை இப்போது மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்பார். உங்கள் வரைபடத்தை வாங்கிப் பேனாவால் மூன்று கோயில்களுக்கு வட்டம் போடுவார். அதுவரைக்கும் சுற்றிவர டுக் டுக்குக்கு 20 பாட் போதும் என்பார், சொல்லி வைத்தாற்போல் ஒரு வண்டி வந்து நிற்கும். ஒரு கோயில் காட்டுவார்கள், அடுத்து ஒரு நகைக்கல் கடை, அதற்கடுத்து ஒரு தையற்கடை. ஆள் கூட்டி வந்ததற்கு ஓட்டுநருக்குக் கடையிலிருந்து பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ கிடைக்கும். "வரி இல்லாத மாணிக்கம், ஊரில் விற்றால் இரண்டு மடங்கு" என்ற பேச்சில் மயங்கினால் போவது நூறு பாட் இல்லை, ஆயிரக்கணக்கில் போகும்.

அரண்மனை வழக்கமாகக் காலை எட்டரையிலிருந்து மாலை மூன்றரை வரை திறந்திருக்கும். வெளியே நிற்கும் யார் சொன்னாலும் நம்பாமல் நேராக டிக்கெட் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே போக எம்ஆர்டி சனாம் சாய் நிலையமோ, சாவோ பிரயா படகில் தா சாங் துறையோ போதும், ஆரஞ்சுக் கொடி படகில் இருபது பாட் கூட ஆகாது.

டுக் டுக்கிலேயே நியாயமான ஒன்றும் உண்டு. மூவ்மி என்ற ஆப்பில் மின்சார டுக் டுக் புக் பண்ணலாம், விலை முன்பே தெரியும், மற்றவர்களோடு பகிர்ந்து போவதால் மலிவு. குறிப்பிட்ட பகுதிகளுக்குள் மட்டும்தான் ஓடும்.

## பைக் டாக்சியும் முன்பதிவு வண்டியும்

சந்து முனையில் ஆரஞ்சுச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பைக் டாக்சிக்காரர்கள். ஸ்டாண்டில் விலைப் பலகை தொங்கும். பிடிஎஸ் நிலையத்திலிருந்து சந்துக்குள் இருக்கும் ஹோட்டலுக்குத் தனியாகப் போக இதுதான் வேகம், மலிவு. ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள். உங்கள் பயணக் காப்பீடு இருசக்கர வாகன விபத்தை ஏற்கிறதா என்று பாலிசியில் பாருங்கள், பலதில் விலக்கு இருக்கிறது.

ஹோட்டல் மூலமாகவோ இணையத்திலோ முன்பதிவு செய்யும் வண்டி எல்லாவற்றையும் விட விலை அதிகம், ஆனால் பெயர்ப்பலகை பிடித்து ஒருவர் நிற்பார். முதல் தடவை விமானம் ஏறும் அப்பா அம்மா, ராத்திரி இரண்டு மணிக்கு இறக்கம், ஐந்து பெட்டி என்றால் இதற்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. டோல் சேர்த்தா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | விலையைச் சொல்வது | மேலே சேர்வது | எப்போது நல்லது | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|---|
| மீட்டர் டாக்சி | மீட்டர் | டோல், விமான நிலையத்தில் 50 பாட் | இரண்டு மூன்று பேர், பெட்டியோடு, நெரிசல் இல்லாத நேரம் | சுற்றுலா இட வாசலில், மாலை நெரிசலில் |
| ஆப் டாக்சி | போன் திரை | டோல், கார்டு மார்க்கப் | இரவில், தனியாக, மொழிச் சிக்கல் உள்ள இடத்துக்கு | மழை தொடங்கிய அரை மணிக்குள் |
| ரயில் | டிக்கெட் இயந்திரம் | தடம் மாறினால் புது டிக்கெட் | ஒருவர் இருவர், மாலை நெரிசலில் | நள்ளிரவுக்கு மேல், நிறையப் பெட்டியோடு |
| டுக் டுக் | ஓட்டுநர் | கடைக்குக் கூட்டிப்போகும் அபாயம் | இரவில் ஊர் பார்க்க | அரண்மனைப் பக்கம், 20 பாட் என்றால் |
| பைக் டாக்சி | ஸ்டாண்ட் பலகை | காப்பீடு இல்லாத ஆபத்து | தனியாக, சந்துக்குள், பெட்டி இல்லாமல் | மழையில், குழந்தையோடு |
| முன்பதிவு வண்டி | முன்பே பேசிய தொகை | சில நேரம் டோல் | வயதானவர்கள், நள்ளிரவு இறக்கம் | பகலில் ஒருவர் மட்டும் |

## பட்டாயா, புக்கெட் போகிறவர்களுக்கு

பாங்காக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். பட்டாயாவில் மீட்டர் டாக்சி என்று பெயர் எழுதியிருந்தாலும் மீட்டர் போடுகிறவரைப் பார்ப்பது அரிது. அங்கே மக்கள் போவது சோங்தாவ், பின்னால் இரண்டு பக்கம் பெஞ்சு வைத்த பிக்கப் வண்டி. கடற்கரைச் சாலையில் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். வழியில் ஓடுகிற வண்டியில் எதுவும் கேட்காமல் ஏறி, இறங்கும் இடத்தில் மணியை அழுத்தி, இறங்கிப்போய்ச் சில்லறையைக் கொடுத்தால் பத்து இருபது பாட்டோடு முடிந்தது. அதே வண்டியை நிறுத்தி "இந்த ஹோட்டலுக்கு எவ்வளவு" என்று கேட்டீர்களோ, அது உங்களுக்கான தனி வண்டி ஆகிவிடும், விலையும் நூறு இருநூறு என்று தொடங்கும். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, நீங்கள் கேட்டதே வேறு சேவை.

புக்கெட்டில் எல்லாமே விலை அதிகம், ஆப்பும் அதிகம்தான், ஆனாலும் கடற்கரை ஸ்டாண்டை விட ஆப் குறைவு. விமான நிலையத்திலிருந்து மேற்குக் கடற்கரை வழியாகப் போகும் ஸ்மார்ட் பஸ் உங்கள் ஹோட்டல் வழியாகப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

## தகராறு வந்துவிட்டால்

வண்டிக்குள் வைத்துச் சண்டை போடாதீர்கள், அதுவும் குழந்தைகள் கூட இருக்கும்போது. ஹோட்டல் வாசல் வரை போகட்டும். பெட்டியை முதலில் இறக்குங்கள், பணத்தை அப்புறம் கொடுங்கள், இந்த வரிசை மாறக் கூடாது. மீட்டர் காட்டியதையும் டோலையும் எண்ணிக் கொடுங்கள். அதற்கு மேல் கேட்டு விடாப்பிடியாக நின்றால் ஹோட்டல் வரவேற்பாளரைக் கூப்பிட்டுத் தாய் மொழியில் பேசச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்.

டாக்சியின் பின்கதவின் உள்பக்கம் மஞ்சள் தகட்டில் வண்டி எண் இருக்கும், முன்னால் டாஷ்போர்டில் ஓட்டுநரின் படத்தோடு அட்டை இருக்கும். உட்கார்ந்ததும் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மறைத்து எடுக்க வேண்டாம், தெரிந்தே எடுங்கள். புகாருக்குத் தரைவழிப் போக்குவரத்துத் துறையின் எண் 1584, சுற்றுலாக் காவல்துறை 1155. வண்டி எண், ஏறிய இடம், நேரம், கேட்ட தொகை நாலையும் சொல்லத் தயாராக இருங்கள். வண்டி எண் இல்லாத புகாரை வைத்து அவர்களால் யாரையும் தேட முடியாது.